பிள்ளை விடுதியில், குடும்பம் வீதியில்: வன்னியில் கணக்கிடப்படாத சிகிச்சைச் செலவு

இலங்கையின் வடக்கில் சுகாதாரத் துறை பற்றிய பொது விவாதம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கிய காலத்திலிருந்து, ஆளணி, உபகரணம், கட்டடம் ஆகிய மூன்றையே பெரிதும் சுற்றி நடக்கிறது. அம்மூன்றும் இன்றியமையாதவையே. ஆயினும், குறைமாதத்தில் அல்லது பிறவி நோயுடன் பிறந்த ஒரு சிசு வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், வைத்தியசாலையில் தங்கித் தேறிவருகையில், அதன் குடும்பம் அத்தனை நாளும் எங்கே உறங்குகிறது, எந்தப் பணத்தில் பேருந்து ஏறுகிறது, வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்ற வினாக்கள் அவ்விவாதத்தில் அரிதாகவே எழுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், சிகிச்சையின் பலன் நிலைக்குமா என்பதை இவ்வினாக்களுக்கான விடைகளே பல வேளைகளில் தீர்மானிக்கின்றன.

நீண்ட தங்கல் ஏன் நேர்கிறது?

கர்ப்பகாலம் ஏறக்குறைய 40 வாரங்களைக் கொண்டது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன்னர் பிறக்கும் சிசு குறைமாதச் சிசு எனப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 இலட்சம் சிசுக்கள், அதாவது பிறந்த பத்துப் பேரில் ஒருவர், இவ்வாறு முன்கூட்டியே பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இத்தகைய சிசுவின் நுரையீரல் தானாக விரிந்து சுருங்கப் போதிய முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை. உடற்சூட்டைப் பேணுவதற்கான கொழுப்பும் தோலுக்கடியில் சேர்ந்திருப்பதில்லை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறனோ பொதுவாக 34 வாரங்களையொட்டியே கைகூடுகிறது. ஆகவே 28 அல்லது 29 வாரங்களில் பிறந்த ஒரு சிசு, தாயின் வயிற்றில் கழித்திருக்க வேண்டிய காலத்தின் பெரும்பகுதியை, மக்கள் கண்ணாடிப் பெட்டி என்று அழைக்கும் சூடுபேணும் கருவியினுள்ளும் பின்னர் விடுதியிலும் கழிக்க நேர்கிறது. இரண்டு மூன்று மாதங்கள் நீளும் இத்தங்கலைச் சிகிச்சையின் தோல்வியாகக் கருதுவது தவறு; சிசு உயிர்தப்பி வளர்வதற்கு அந்தக் காலம் தேவைப்படுகிறது.

பிறவி இருதயக் குறைபாடும் நீண்ட தங்கலுக்கு இன்னொரு காரணமாகும். உலகளவில் ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய எட்டில் ஏதோவொரு வகை இருதயக் குறைபாடு காணப்படுகிறது. அவற்றுள் ஒரு பகுதிக்கு முதலாவது வயதுக்குள்ளேயே சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது.

சிசு மரண வீதத்தைக் குறைப்பதில் தெற்காசியாவில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் பிழைத்திருக்க வாய்ப்பில்லாத சிசுக்கள் இன்று பிழைக்கின்றன. அதனாலேயே நீண்டகாலம் வைத்தியசாலையோடு வாழ்ந்து மீளும் குடும்பங்களின் தேவைகளும் ஒரு புதிய பொதுப் பொறுப்பாக உருவெடுத்துள்ளன.

தூரம் என்ற நோய்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் முதலிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இயங்குகின்றன. 2009இல் போர் முடிவடைந்தபோது சிதைந்து கிடந்த நிலையிலிருந்து வன்னியின் மருத்துவ சேவை மீண்டெழுந்தது சிறிய சாதனையன்று. நெதர்லாந்தின் உதவியுடன் கிளிநொச்சி வைத்தியசாலையில் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்ட பெண்கள் சுகாதாரத்துக்கான சிறப்பு நிலையம் இம்மீட்சியின் அண்மைக்கால அடையாளமாகும்.

ஆனால், மிகக் குறைந்த நிறையுடன் பிறந்த சிசுவுக்கும், சிக்கலான சத்திரசிகிச்சை வேண்டிய சிசுவுக்கும் மாவட்டத்தைக் கடந்து செல்லும் பயணம் இன்றும் தவிர்க்க முடியாததாகவே உள்ளது. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கோ, இருதய சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு பொரளையில் 1895 முதல் இயங்கிவரும் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் சிசுக்கள் அனுப்பப்படுகின்றன.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து சுமார் 140. முல்லைத்தீவு நகரிலிருந்து 100க்கும் மேல். இவை நகரிலிருந்து நகருக்கான தூரங்கள் மட்டுமே. கொக்கிளாயில் வாழும் ஒருவர் முதலில் முல்லைத்தீவு நகருக்கும், துணுக்காயில் வாழும் ஒருவர் முதலில் மாங்குளத்துக்கும் வந்து, அங்கிருந்து மாறி ஏற வேண்டும். மாலைப் பேருந்து தவறினால் அன்றிரவு வீடு திரும்ப வழியில்லை.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு நாட்டிலேயே குடிசன அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டமாகப் பதிவானது. 2019ஆம் ஆண்டின் குடித்தன வருமான செலவின அளவீட்டில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருக்க, முல்லைத்தீவில் அது 44ஐத் தாண்டியிருந்தது. மக்கள் சிதறி வாழும் ஒரு நிலப்பரப்பில், வறுமையும் தூரமும் ஒரே குடும்பத்தின் மீது ஒரே வேளையில் விழும்போது, சிகிச்சை இலவசமாக இருந்தாலும் சிகிச்சையைச் சென்றடைவது இலவசமாக இருப்பதில்லை.

அனுப்பிவைக்கும் இடமும் எப்போதும் உறுதியானதன்று. 2023 ஏப்ரலில், சிறுவர் வைத்திய நிபுணர்கள் நாட்டைவிட்டு வெளியேறியதன் விளைவாக அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் ஒரு சிறுவர் விடுதி மூடப்பட்டமை, எல்லையோர மாவட்டங்கள் சார்ந்திருக்கும் ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டியது.

தாயின் நாள்

நீண்ட தங்கலின் உண்மையான சுமையை அறிய, ஒரு நாளின் ஒழுங்கைக் கூர்ந்து நோக்குவது போதும். சிசு பால் உறிஞ்சும் திறன் பெறும்வரை, தாய் இரண்டு அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டுத் தடவையேனும், பாலைக் கையால் கறந்தெடுத்துச் சிறு கோப்பையில் தாதியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பால் மூக்கு வழியாக அல்லது வாய் வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயினூடாகச் சில மில்லிலீற்றர் அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கப்படுகிறது.

சத்திரசிகிச்சை மூலம் பிரசவித்த தாயாயின், வயிற்றுத் தையல் ஆறுமுன்னரே மாடிப்படியும் நடைபாதையும் ஏறி இறங்கி இக்கடமையைச் செய்கிறார். காலையில் சிசு நிறுக்கப்படும் வேளையில் இருபது கிராம் கூடியிருந்தால் அந்நாள் நல்ல நாள். குறைந்திருந்தால் தன் பால் போதவில்லையோ என்ற குற்றவுணர்வுடன் நாள் தொடங்குகிறது. பெட்டியில் தொங்கும் அட்டையில் பிள்ளைக்கென ஒரு பெயர் இன்னும் எழுதப்பட்டிருப்பதில்லை. தாயின் பெயரும் பிறந்த நிறையுமே அதில் உள்ளன.

பிரசவித்து வீடு திரும்பிய பெண்ணுக்குக் கிடைக்கும் சரக்கரைத்த பத்தியக் கறியும், உள்ளி சேர்த்த சோறும், மூத்த பெண்களின் துணையும் இத்தாய்க்குக் கிடைப்பதில்லை. முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழித்துப் பிள்ளையை உறவினர் முன் எடுத்துவரும் வழக்கம் ஒத்திவைக்கப்படுகிறது. தாயின் உணவும் உறக்கமும் குன்றினால் பாலும் குன்றும். பால் குன்றினால் சிசுவின் தேறுதல் பின்தள்ளப்படும். ஆகவே தாயின் கட்டிலும் தாயின் சாப்பாடும் சிகிச்சைக்குப் புறம்பான வசதிகளாகக் கருதப்படத் தக்கவையல்ல.

தகப்பனின் நாள், மூத்த பிள்ளையின் நாள்

வன்னியின் குடும்பங்களுள் பெரும்பாலானவை விவசாயம், கடற்றொழில், நாட்கூலி, ஆடைத் தொழிற்சாலை வேலை ஆகியவற்றை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் காலபோக விதைப்பு நடக்கும் வேளையில் பிள்ளை வைத்தியசாலையில் இருந்தால், வயலை அயலாரிடம் ஒப்படைப்பதா, பயணத்தை விடுவதா என்ற தெரிவைத் தகப்பன் செய்தாக வேண்டும். நாட்கூலித் தொழிலாளிக்கோ வேலைக்குப் போகாத நாளே வருமானமில்லாத நாளாகிறது.

அவ்வளவு தூரம் வந்தவருக்குக் கிடைப்பது பார்வையாளர் நேரத்தில் சில நிமிடங்கள் மட்டுமே. பல இடங்களில் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதோடு அது முடிந்துவிடுகிறது. மாற்றுடை, சாப்பாடு, வெளியே வாங்கிவரச் சொன்ன பொருள்கள் ஆகியவற்றை வாசலில் கொடுத்துவிட்டு, மண்டபத்து வாங்கிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ இரவைக் கழிப்பவர்களே பலர்.

வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளைகளின் இழப்பு இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. அம்மம்மாவோ சித்தியோ பொறுப்பேற்கும் குடும்பங்களில் பிள்ளை பாடசாலைக்குப் போய்வருகிறது. ஆனால் 2009இல் முடிந்த போர் வன்னியின் பல குடும்பங்களிலிருந்து பாட்டன் பாட்டியையும், மாமன் சித்தப்பனையும் பறித்துவிட்டதையும், பெண்களே தனித்துத் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கு கணிசமாக இருப்பதையும் மறந்துவிட முடியாது. உறவின் தாங்குதிறன் ஏற்கெனவே மெலிந்துபோன இடத்தில், நீண்ட நோய் ஒன்றின் சுமையைச் சுற்றத்தார் தாங்கிக்கொள்வர் என்று அரசு எண்ணியிருப்பது நியாயமாகாது.

இலவச சிகிச்சைக்கு வெளியே வளரும் கடன்

அரச வைத்தியசாலையில் கட்டிலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ கட்டணம் இல்லை என்பது இந்நாட்டின் பெருமை. எனினும் பேருந்துக் கட்டணம், வெளிச் சாப்பாடு, தங்குமிடம், மருந்துத் தட்டுப்பாட்டு வேளைகளில் வெளி மருந்தகத்தில் வாங்கும் மருந்து, இழந்த கூலி ஆகியவற்றை எந்த இலவச சேவையும் ஈடுசெய்வதில்லை.

முதலில் தாலிக்கொடியோ காப்போ அடகுக்குப் போகிறது, பின்னர் நுண்கடன். வன்னியில் நுண்கடன் வெறும் பொருளாதாரச் சொல்லாக இருந்ததில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே 2018இல் முன்வர வேண்டியிருந்தது. கடன்பட்ட தாய் வைத்தியசாலையில் இருக்கும் கிழமைகளிலும் தவணை நிற்பதில்லை.

விடுமுறைச் சட்டமும் இச்சூழலைக் கருதி இயற்றப்பட்டதன்று. தொழில்புரியும் தாய்க்குச் சம்பளத்துடன் கூடிய 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு; ஆனால் அக்கணக்கு பிள்ளை பிறந்ததோடு ஓடத் தொடங்குவதால், இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தியசாலையில் இருந்த பிள்ளை வீட்டுக்கு வரும்போது, விடுமுறையின் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கிறது. அரச ஊழியரான தகப்பனுக்குக் கிடைப்பது மூன்று நாள்; நாட்கூலிக்காரருக்கு அதுவும் இல்லை.

மொழியும் மனமும்

அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படும் தமிழ்த் தாய்க்கு இன்னொரு சுவரும் குறுக்கே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், பிள்ளைக்கு என்ன நடந்தது, எந்த மருந்தை எத்தனை துளி கொடுப்பது, எந்த அறிகுறி தென்பட்டால் உடனே வர வேண்டும் என்ற விளக்கம் அவருக்குப் புரியும் மொழியில் கிடைக்காவிட்டால், அத்திருத்தத்தின் பயன் விடுதிக் கட்டில்வரை வந்து சேரவில்லை என்றே பொருள்.

பிரசவத்தின் பின்னான மனச்சோர்வு, அதாவது பல வாரங்கள் நீடிக்கும் துயரமும் உறக்கமின்மையும் எதிலும் பற்றற்ற நிலையும், குறைமாதச் சிசுக்களின் தாய்மாரிடம் ஏனைய தாய்மாரை விடக் கூடுதலாகக் காணப்படுகிறது. போரில் பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ இழந்த தலைமுறையே இன்று வன்னியில் தாய்மை எய்தியுள்ளது; கருவிகளின் எச்சரிக்கை ஒலிக்கு நடுவே பிள்ளையின் உயிருக்காகக் காத்திருக்கும் அனுபவம் அவர்களில் பழைய அச்சங்களைக் கிளறிவிடுவது இயல்பே.

வீடு திரும்பிய பின்னர்

சிசு வீடு திரும்புவதோடு சிகிச்சை முடிவதில்லை. முதிராத விழித்திரையில் இரத்தக்குழாய்கள் முறைபிறழ்ந்து வளர்வதால் ஏற்படும் கண்நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பிறந்து நான்கு வாரமளவில் தொடங்கும் கண்பரிசோதனைகளில் இது கண்டறியப்பட்டால், உரிய சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். தவணை தவறினால் சில வாரங்களிலேயே பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம். பேருந்துக் காசு இல்லாமல் தவறவிடப்படும் ஒரு கிளினிக் நாளின் விலை, ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்குமான பார்வையாக இருக்கக்கூடும்.

போக்குவரத்து எவ்வளவு உயிர்நிலையானது என்பதை நாடு ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது: 2022 மே மாதத்தில், எரிபொருள் கிடைக்காமல் வைத்தியசாலைப் பயணம் தாமதித்ததில், ஹல்துமுல்லைப் பகுதியைச் சேர்ந்த, பிறந்து இரண்டு நாளேயான ஒரு சிசு இறந்தது. 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் விரிவாக்கப்பட்டதால் அவசர வேளைக்கு ஒரு வழி பிறந்தது. அவசரமற்ற, ஆனால் தவறவிடக்கூடாத கிளினிக் பயணத்துக்கு அத்தகைய வழி இன்னும் இல்லை.

உலகம் காட்டும் வழி

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக ஏற்பது செலவு மிகுந்த கனவன்று. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத நிலையில் 1978இல் தோன்றிய கங்காரு பராமரிப்பு, சிசுவைத் தாயின் அல்லது தகப்பனின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டி வைத்திருக்கும் எளிய முறையாகும். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், நிறை குறைந்த சிசுக்களுக்கு இம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கியபோது, நிலைமை சீரான பின்னர் தொடங்கியதை விட மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது கண்டறியப்பட்டது. அதையொட்டி 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகள், குடும்பத்தினரைப் பராமரிப்பில் ஈடுபடுத்துவதையும் அவர்களுக்குப் பொருளாதார, உளவியல் ஆதரவு அளிப்பதையும் சிகிச்சை நெறிகளுள் சேர்த்தன.

பிரித்தானியாவில், சிசு வைத்தியசாலையில் தங்கும் காலத்துக்கு ஈடாகப் பெற்றோருக்குப் பன்னிரண்டு வாரம் வரை மேலதிக விடுமுறை வழங்கும் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1974இல், நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்கள் வைத்தியசாலைக்கு அருகே தங்குவதற்கென ஒரு வீடு திறக்கப்பட்டது. அம்மாதிரி பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, யாழ்ப்பாணம், அநுராதபுரம், கொழும்பு வைத்தியசாலைகளுக்கு அருகே, வெளிமாவட்டப் பெற்றோர் தங்குவதற்கான எளிய இல்லங்கள் அமைக்கப்பட வேண்டும். வடக்கு மாகாண சபையின் நிருவாகம் இடத்தை ஒதுக்க, கோயில் அறங்காவலர் சபைகளும், தேவாலயங்களும், பள்ளிவாசல்களும், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்களும் பராமரிப்பையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் பொறுப்பேற்கலாம். அன்னதான மரபு வேரூன்றிய வடக்கில் இது எட்டாத காரியமன்று.

இரண்டாவதாக, பதினான்கு நாளுக்கு மேல் சிசு தங்கியிருக்கும் குடும்பத்துக்கு, வைத்தியரின் சான்றிதழை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, பிரதேச செயலகத்தினூடாகப் பேருந்து அனுமதிச்சீட்டும் நாளாந்தப் படியும் வழங்கப்பட வேண்டும். வறிய குடும்பங்களுக்கென ஏற்கெனவே இயங்கும் அஸ்வெசும கொடுப்பனவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தற்காலிகப் பிரிவைச் சேர்ப்பது நடைமுறைக்கு இலகுவானது. அதே சான்றிதழின் பேரில் நுண்கடன் தவணைகளும் மேலதிக வட்டியின்றி ஒத்திவைக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பிரசவ விடுமுறையின் கணக்கில் சிசு வைத்தியசாலையில் இருந்த நாள்களை ஈடுசெய்யும் திருத்தம் கொண்டுவரப்பட வேண்டும். தகப்பனின் விடுமுறையும் மூன்று நாளோடு நின்றுவிடக் கூடாது.

நான்காவதாக, ஆபத்துக் கட்டத்தைத் தாண்டி நிறை கூட வேண்டிய நிலையை மட்டும் அடைந்த சிசுவைப் பெரிய வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அண்மித்த மாவட்ட வைத்தியசாலைக்கு மீள அனுப்பும் ஒழுங்கு உறுதியாக்கப்பட வேண்டும். இதற்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் குறைமாதச் சிசுப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற தாதியர் நிரந்தரமாக நியமிக்கப்படுவது முன்நிபந்தனையாகும்.

ஐந்தாவதாக, தாயோடு தகப்பனையும், தகப்பன் இல்லாத குடும்பத்தில் தாய் தெரிவுசெய்யும் ஒருவரையும், பார்வையாளராக அல்லாது பராமரிப்பாளராக விடுதியினுள் அனுமதித்து, கைசுத்தமும் கங்காரு பராமரிப்பும் கற்பிக்கப்பட வேண்டும். பால் கறக்கும் தாய்மாருக்கு ஒதுக்குப்புறமான ஓர் அறையும், சாய்ந்து உறங்க ஒரு கட்டிலும் ஒவ்வொரு பிரிவிலும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஆறாவதாக, வெளியேறும்போது கொடுக்கப்படும் மருத்துவக் குறிப்பின் சாரம் தமிழில் எழுதப்பட்டு, அதன் பிரதி அப்பகுதியின் குடும்பநல உத்தியோகத்தருக்குப் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னரே சென்றடைய வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த இவ்வுத்தியோகத்தர்கள், தாய்மார் வீட்டு வாசலில் காணும் முதல் சுகாதாரப் பணியாளர்கள்; மனச்சோர்வின் அறிகுறிகளை இனங்காணும் பயிற்சியும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். கண், செவி, இருதயம், வளர்ச்சி ஆகிய பரிசோதனைகளை இயன்றவரை ஒரே நாளில் ஒரே இடத்தில் ஒழுங்குசெய்தால், குடும்பத்தின் நான்கு பயணங்கள் ஒன்றாகக் குறையும்.

இப்பரிந்துரைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ தேவையில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்தால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னரே பலவற்றைத் தொடங்கிவிடலாம். சிசுவின் உயிரைக் காக்க ஒவ்வொரு நாளும் பெருந்தொகையைச் செலவிடும் அரசு, அதன் தாயின் ஒருவேளைச் சாப்பாட்டிலும் தகப்பனின் பேருந்துக் கட்டணத்திலும் கைவிரிப்பதால் அச்செலவின் பயனையே பணயம் வைக்கிறது. குடும்பத்தைத் தாங்குவதற்கான ஒதுக்கீடு சிகிச்சைக்கான ஒதுக்கீட்டின் ஒரு பகுதியே என்று ஏற்றுக்கொள்வதே இதற்கான முதல் நிருவாகத் தீர்மானமாக அமைய வேண்டும்.